ஆறாங்கட்டையிலிருந்து அச்சுத்தூரம் வரை: பத்து காஜா வட்டாரத்தில் ஜியோகேச்சிங்

தோட்டத்தில் இடம் சொல்வதற்கு என்றைக்குமே ஒரு கணக்கு இருந்தது. "ஆறாங்கட்டை தாண்டி, ரெண்டாவது டிவிஷன், முனியாண்டி கோயிலுக்கு எதிர் நிரை" என்று சொன்னால் போதும், பால்மரக் காட்டில் வேலை செய்தவர் இருட்டிலும் வந்து சேர்ந்துவிடுவார். ஜியோகேச்சிங்கும் அந்தக் கணக்குதான். மைல் கணக்கான கட்டைக்கும் மர வரிசையான நிரைக்கும் பதிலாக இதில் தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் படித்த அச்சுத்தூரம், அதாவது வடக்கு, கிழக்கு என்று இடத்தைக் காட்டும் எண் ஜோடி, வருகிறது. யாரோ ஒருவர் ஓர் இடத்தில் சின்னப் பெட்டி ஒன்றை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அச்சுத்தூரத்தை இணையத்தில் போடுகிறார். நீங்கள் கைப்பேசியோடு தேடிப் போய், பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும்.

செயற்கைக்கோள் வழிகாட்டியின் சமிக்ஞையில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அடுத்த நாளே, மே 3-ஆம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து அதன் அச்சுத்தூரத்தை வெளியிட்டார். அன்று தொடங்கியதுதான் இந்த விளையாட்டு. இன்று உலகம் முழுவதும் முப்பது லட்சத்துக்கு மேல் பெட்டிகள் இருக்கின்றன.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் பத்து காஜா இதற்குத் தோதான ஊர். ஒரு பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை), இன்னொரு பக்கம் பழைய ஈயலம்பக் குட்டைகள் (ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கியவை), கிழக்கே கோப்பெங் பக்கம் சுண்ணாம்பு மலைகள். ஈடிஎஸ் மின்சார ரயில் நிற்கிறது. ஆனால் இந்த நிலத்துக்கு உரிமையாளர் உண்டு, வேலை நேரம் உண்டு, காவல் தெய்வம் உண்டு, ஆபத்தும் உண்டு. வெளிநாட்டுப் பூங்காக்களை நினைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகள் இவற்றைச் சொல்வதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

கைப்பேசியைத் தயார் செய்வது

ஜியோகேச்சிங் செயலியை இறக்கி, ஒரு புனைபெயரில் கணக்குத் திறங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் இதே பெயரைத்தான் எழுத வேண்டும் என்பதால் குறுகிய பெயராக இருக்கட்டும். மிகச் சிறிய பெட்டிகளில் தாள் விரல் அகலம்தான் இருக்கும். இலவசக் கணக்கே தொடங்குவதற்குப் போதும். சில பெட்டிகள் கட்டண உறுப்பினர்களுக்கு மட்டும்தான் தெரியும். இருபது முப்பது பெட்டி கண்டுபிடித்த பிறகு அதைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு சி:ஜியோ என்ற இலவசச் செயலியும் உண்டு.

அடுத்து கைப்பேசி அமைப்புக்குப் போய், அந்தச் செயலிக்குத் துல்லிய இருப்பிட அனுமதி கொடுங்கள். தோராய இருப்பிடம் மட்டும் கொடுத்திருந்தால் கிலோமீட்டர் கணக்கில் தப்பும். புதியவர்கள் "செயலி சரியில்லை" என்று கைவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தோட்டத்துக்குள் போனால் தொலைபேசி அலைவரிசை அறுந்துபோகும். அதனால் வீட்டிலேயே வரைபடத்தையும் பெட்டியின் விவரப் பக்கத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் சமிக்ஞைக்கு இணையம் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை.

அச்சுத்தூரம் எழுதும் முறையில் கவனம் வேண்டும். இந்த விளையாட்டில் அதைப் பாகையும் தசம நிமிடமுமாக எழுதுவார்கள். எடுத்துக்காட்டாக, வடக்கு 04° 28.460, கிழக்கு 101° 05.250. சாதாரண வரைபடச் செயலிகள் பலவும் காட்டுவது தசமப் பாகை. மாற்றுவதற்கு நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். 28.460-ஐ 60-ஆல் வகுத்தால் 0.47433, எனவே வடக்கு 4.47433. கிழக்கு 101.0875. இதைச் செய்யாமல் 4.28460 என்று தட்டிவிட்டால் சுமார் 21 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போய் நிற்பீர்கள். 28 நிமிடம் 46.0 விநாடி என்று படித்துவிட்டாலோ அரை கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய்விடும். இந்த இரண்டாவது தவறு மோசமானது. இடம் கிட்டத்தட்ட சரிபோலவே தெரியும், மணிக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வடக்கிலும் கிழக்கிலும் நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரே அளவு, 1.85 மீட்டர். அதாவது கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் இரண்டு எட்டு.

முதல் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

வரைபடத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் தெரியும் முதல் புள்ளியை நோக்கி ஓடாதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. ஒன்று தேடும் கடினம், மற்றது நிலத்தின் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். நிலம் 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். நிலம் 5 என்றால் படகோ கயிறோ வேண்டும். முதல் தடவைக்குக் கடினம் 1.5, நிலம் 2 என்ற அளவைத் தாண்ட வேண்டாம்.

அளவையும் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்குக் குறைவானது மைக்ரோ. 100 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை சிறியது. ஒன்று முதல் 20 லிட்டர் வரை சாதாரணம். அதற்கு மேல் பெரியது. விரல் நுனி அளவுள்ள காந்தக் குப்பிகளும் உண்டு, அவை தொடக்கக்காரர்களுக்கு ஆகாது. சிறியது அல்லது சாதாரணம் என்று குறித்ததைத் தேடுங்கள்.

பிறகு பெட்டியின் வகை. அச்சுத்தூரத்திலேயே பெட்டி இருந்தால் அது வழக்கமான வகை. ஓரிடத்தில் துப்புக் கண்டுபிடித்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டியது பல கட்ட வகை. புதிரை விடுவித்தால்தான் சரியான இடம் தெரியும் என்பது புதிர் வகை. அதில் வரைபடத்தில் காட்டும் புள்ளி பொய்யானது, அங்கே போனால் ஒன்றும் இருக்காது. எர்த்கேச் என்று ஒன்று 2004-இல் சேர்ந்தது. அதில் பெட்டியே கிடையாது. பாறையையோ குகையையோ நேரில் பார்த்து, நிலவியல் கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். 2018-இல் தேசிய நிலவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிந்தா பள்ளத்தாக்கில் இந்த வகைக்கு மதிப்பு அதிகம். சுண்ணாம்பு மலைக்குள் பெட்டியைச் செருகாமலே மலையைப் படிக்க வைக்கிறது.

கடைசியாக, முன்னால் போனவர்களின் பதிவுகளைப் படியுங்கள். கடைசி மூன்று பேரும் "காணவில்லை" என்று எழுதியிருந்தால் பெட்டி போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள். நம் வெயிலிலும் மழையிலும் ஒரு வருடம் நீண்ட காலம். குறிப்பு என்ற வரி எழுத்து மாற்றி மறைக்கப்பட்டிருக்கும், தட்டினால் தெரியும். முதல் பத்துப் பெட்டிக்கு அதைப் படித்துவிட்டே கிளம்புங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

கையில் என்ன வேண்டும்

மூடிய காலணி, முழுக்கால் சட்டை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பவர் பேங்க், சின்ன டார்ச், ஒரு மீட்டர் நீளக் குச்சி, கொசு மருந்து, அடையாள அட்டை. எழுதுவதற்குப் பேனாவும் பென்சிலும். ஈரத் தாளில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். குப்பை பொறுக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. போகிற வழியில் கிடக்கும் குப்பையை எடுத்து வருவது இந்த விளையாட்டின் பழைய வழக்கம்.

கோணிப்பை, பாராங் இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். சாக்கும் கத்தியுமாக மோட்டாரில் செம்பனைக் காட்டுக்குள் நுழைபவரைப் பழம் திருட வந்தவர் என்றுதான் காவலாளி நினைப்பார். உதிரிப் பழத்தைக்கூடத் தொட வேண்டாம்.

தோட்டத்துக்குள் போவது

தோட்டம் தனியார் நிலம். பெட்டி உள்ளே இருக்கிறது என்று செயலி காட்டுவது அனுமதி ஆகாது. விவரப் பக்கத்தில் அனுமதி பெற்றதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாசலில் கேளுங்கள். பூடகமாகப் பேசினால் சந்தேகம்தான் வரும். இப்படிச் சொன்னால் போதும்: "அண்ணே வணக்கம். போன்ல காட்ற எடத்துல ஒரு சின்ன டப்பா தேடி பேர் எழுதிட்டு வர்ற வெளையாட்டு. கோயில் பக்கம் வரைக்கும் போயிட்டு அரை மணி நேரத்துல வந்துடறோம். போலாமாண்ணே?" கைப்பேசியில் வரைபடத்தையும் காட்டுங்கள். காவலுக்கு இருப்பவர் நேப்பாளத்துக்காரராக இருந்தால் மலாயில் "மிந்தா இஸின்" (அனுமதி கேட்கிறேன்) என்று தொடங்கினால் புரிந்துவிடும். வேண்டாம் என்றால் வேண்டாம். வேலி சுற்றிப் பின்பக்கமாக நுழைபவர்களால்தான் அடுத்து வருபவர்களுக்கும் வாசல் அடைபடுகிறது.

அறுவடை நடக்கும் பகுதிக்குள் போகக் கூடாது. செம்பனைக் குலை ஒன்று பத்து, இருபது கிலோ கனக்கும், மட்டையில் முள் இருக்கும், வெட்டுபவர் மேலே பார்த்துக்கொண்டு நிற்பாரே தவிர உங்களைப் பார்க்க மாட்டார். மருந்து தெளித்த பகுதியில் புல் பழுத்துக் கிடக்கும், அங்கே எதையும் தொடாதீர்கள். பால்மரக் காடாக இருந்தால் காலை வெட்டு முடியும் வரை மரங்களுக்கு நடுவே அலைய வேண்டாம். கிண்ணத்தைத் தட்டிவிட்டால் ஒருவரின் அன்றைய கூலி கீழே போகிறது.

தோட்ட எல்லையில், மரத்தடியில், சூலமும் எலுமிச்சம்பழமுமாக இருக்கும் முனீஸ்வரர், காளியம்மன் சந்நிதிகளைச் சுற்றித் துழாவாதீர்கள். அச்சுத்தூரம் அங்கே இழுத்துக்கொண்டு போனாலும் பெட்டி அங்கே இருக்காது, இருக்கவும் கூடாது. அப்படியே வைத்திருந்தால் வைத்தவருக்கு எழுதுங்கள்.

பெட்டி போலத் தெரிவதெல்லாம் நம் பெட்டியும் அல்ல. உயரக் கம்பத்தின் மேல் இருக்கும் மரப்பெட்டி, எலியைப் பிடிக்கத் தோட்டம் வளர்க்கும் ஆந்தையின் கூடு. தொங்கும் வாளி, காண்டாமிருக வண்டுக்கு வைத்த பொறி. வரிசையாக இருக்கும் பெட்டிகள் தேனீக்கூடாக இருக்கலாம். இவற்றைத் திறப்பது அடுத்தவர் வேலையைக் கெடுப்பது, தேனீ என்றால் உங்கள் உடம்பையும் கெடுக்கும்.

கடைசிப் பத்து மீட்டர்

திறந்த வெளியில் கைப்பேசி மூன்று முதல் ஐந்து மீட்டர் துல்லியம் தரும். செம்பனை மட்டைக்குக் கீழே பத்துப் பதினைந்து மீட்டர் வரை தப்பும். ஈரமான இலை சமிக்ஞையை உறிஞ்சுவது ஒரு காரணம். சுண்ணாம்பு மலை ஓரத்தில் வேறு காரணம்: சமிக்ஞை பாறைச் சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றி வருவதால் தூரம் கூடுதலாகக் கணக்காகிறது. அதனால்தான் மலையடியில் நின்ற இடத்திலேயே புள்ளி தாவிக்கொண்டிருக்கும்.

செம்பனையை வழக்கமாக முக்கோண முறையில், மரத்துக்கு மரம் சுமார் ஒன்பது மீட்டர் விட்டு நடுவார்கள். எனவே பத்து மீட்டர் பிழை என்றால் நீங்கள் நிற்கும் மரத்தோடு அதைச் சுற்றியுள்ள ஆறு மரமும் சேர்ந்து ஏழு மரங்களைப் பார்க்க வேண்டும். பிழை 16 மீட்டருக்குப் போனால் பதின்மூன்று மரம். ஒரே மரத்தை அரை மணி நேரம் சுற்றுவதைவிட ஏழு மரத்தை மரத்துக்கு மூன்று நிமிடம் பார்ப்பது பலன் தரும்.

முறை இதுதான். பத்து மீட்டர் என்று காட்டும்போது நின்றுவிடுங்கள். கைப்பேசியை அசைக்காமல் ஒரு நிமிடம் பிடித்தால் புள்ளி அடங்கும். முள் காட்டும் திசையில் எந்த மரம், எந்தக் கல் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முப்பது மீட்டர் விலகிப் போய் வேறு திசையிலிருந்து வாருங்கள். மூன்றாவது திசையிலிருந்தும் ஒரு தடவை. மூன்று கோடும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். அதற்கு மேல் கைப்பேசியைப் பார்த்துப் பயனில்லை, பையில் போட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள். எது இயற்கைக்கு மாறாக இருக்கிறது? தானாக விழ முடியாத வரிசையில் அடுக்கிய கற்கள், வேருக்கு நடுவே திணித்த பட்டை, துரு ஏறாத ஒரே ஒரு ஆணி.

முள் சுற்றிச் சுற்றி வந்தால் கைப்பேசி உறையில் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாருக்குப் பக்கத்தில், தகர வேலிக்குப் பக்கத்தில் நின்றாலும் இதே கதைதான். விலகி நின்று, கைப்பேசியைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் ஐந்தாறு முறை சுழற்றினால் திசைகாட்டி திருந்தும்.

கையை மட்டும் எங்கேயும் பார்க்காமல் நுழைக்காதீர்கள். மட்டை அடுக்கிய வரிசை எலிக்கு வீடு, எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். முதலில் குச்சியால் தட்டி, ஒரு கணம் நின்று, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கை. செவ்வெறும்புக் கூடு தலைக்கு மேல் இலைகளை ஒட்டித் தொங்கும், குளவிக்கூடும் அப்படித்தான். கையில் காயம் இருந்தால் கட்டுப் போட்டு மூடுங்கள். தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இருபது நிமிடம் தேடியும் கிடைக்கவில்லையா, விட்டுவிட்டுத் திரும்புங்கள். "காணவில்லை" என்று பதிவு செய்ய வெட்கப்பட வேண்டாம். பெட்டி தொலைந்தது வைத்தவருக்குத் தெரிவதே அந்தப் பதிவுகளால்தான்.

கிடைத்த பிறகு

திறப்பதற்கு முன் எப்படி மறைத்திருந்தார்கள் என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப அதே மாதிரி வைக்க உதவும். மூடியை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள், உள்ளே பூரானோ தேளோ ஒதுங்கியிருக்கலாம். தாளில் பெயரும் தேதியும் எழுதுங்கள். எழுதாவிட்டால் கண்டுபிடித்ததாகக் கணக்கில்லை. உள்ளே சின்னச் சின்னப் பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு அதே மதிப்பில் அல்லது அதற்கு மேல் ஒன்றை வைக்க வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் கோலி, சாவிக்கொத்து, பழைய நாணயம் என்று நாலைந்து கொண்டுபோங்கள். தின்பண்டம் கூடவே கூடாது: எறும்பு வரும், குரங்கு வரும், பெட்டியே போய்விடும். எண் பொறித்த பட்டை இருந்தால் அது பயணப் பொருள். எடுத்தால் வேறொரு பெட்டியில் கொண்டுபோய் வைக்க வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மூடும்போதுதான் பெரும்பாலான பெட்டிகள் சாகின்றன. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் ஏறும். உள்ளே இருக்கும் ஜிப் பையின் ஓரம் மூடிக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அது விளக்குத் திரிபோல மழைநீரை உள்ளே இழுக்கும். விரலால் வளையத்தைத் துடைத்து, பையை உள்ளே மடித்து, நான்கு பக்கமும் சொடுக்கும் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். இதைவிட நல்ல இடம் தெரிந்தாலும் இடத்தை மாற்ற வேண்டாம்.

எங்கே போகலாம்

எந்த இடத்தில் இன்றைக்குப் பெட்டி இருக்கிறது என்பதைச் செயலியில்தான் பார்க்க வேண்டும். பெட்டிகள் வரும், போகும். ஆனால் பெட்டி இல்லாவிட்டாலும் போய்ப் பார்க்கத் தகுந்த இடங்களைச் சுற்றித் திட்டம் போட்டால் எந்த நாளும் வீணாகாது.

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், ராயா ஆற்றோரம் இருக்கிறது கெல்லிஸ் காசல். கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தை உருவாக்கிய ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கிய மாளிகை. மெட்ராஸிலிருந்து வந்த தொழிலாளர்கள் கட்டினார்கள். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தபோது வேலை அப்படியே நின்றது. கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். தொற்றுக் காய்ச்சலில் தொழிலாளர்கள் மாண்டபோது அவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுந்த கோயில் அது. அதன் கூரைச் சிற்பங்களில் தெய்வங்களோடு ஸ்மித் துரையின் உருவமும் நிற்கிறது. பழைய சுவரின் செங்கல் இடுக்குகளில் விரல் விட்டுத் தேடுவது அறவே கூடாது. மரபுச் சின்னங்களைச் சேதப்படுத்தும் இடத்தில் பெட்டி வைக்க இந்த விளையாட்டின் விதி இடம் தருவதில்லை. எனவே தேடலும் சுவருக்கு வெளியேதான்.

தஞ்சோங் துவாலாங் சாலையில் 1938-இல் கட்டிய ஐந்தாம் எண் ஈயக் கப்பல் (ஈய மண்ணைத் தோண்டி எடுக்கும் மிதவை இயந்திரம்) நிற்கிறது. எடை 4,500 டன், 1982 வரை ஓடியது. இதன் அருகே திசைகாட்டி முள்ளை நம்பவே வேண்டாம், அவ்வளவு இரும்பு. வரைபடத்தில் உங்கள் புள்ளி நகர்வதைப் பார்த்து நடந்து பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அந்தப் பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளில் காலையில் நாரையும் கொக்கும் நிறைய வரும். ஆனால் குட்டையின் கரையில் கவனம். மேலே காய்ந்த மணல் பொருக்கு இருக்கும், கீழே லம்பம் கழுவி விட்ட கொழகொழச் சேறு. கால் இறங்கினால் ஏறாது. குச்சியால் குத்திப் பார்க்காமல் தண்ணீர் ஓரம் போகாதீர்கள். வேலி போட்ட குட்டைக்குள் நுழையவே வேண்டாம்.

பப்பான் சின்னப் பட்டணம், கடைவீடுகளைச் செடிகொடி மூடிக்கொண்டு வருகிறது. ஜப்பான்காரன் காலத்தில் காட்டுப் போராளிகளுக்கு மருத்துவம் பார்த்ததற்காகச் சித்திரவதை பட்ட சிபில் கார்த்திகேசு 74-ஆம் எண் வீட்டில்தான் இருந்தார். பிறகு அவரை அடைத்து வைத்த சிறை பத்து காஜாவில். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். சிறைப் பக்கம் நின்று கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எதையும் தேட வேண்டாம், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

கோப்பெங்கைத் தாண்டினால் குவா தெம்புரோங். குகைக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாது, வாசலின் அச்சுத்தூரம்தான் கணக்கு. மழை பெய்தால் உள்ளே ஓடும் ஆறு ஏறும். ரஃப்லீசியா பூ பூக்கும் உலு கெரோ, செமாய் பழங்குடி மக்களின் கிராமம், அங்கே கிராமத்து வழிகாட்டியோடுதான் போக வேண்டும். வனக் காப்பகப் பகுதி என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

நேரத்துக்கு ஒரு சொல். சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. ஏழரைக்குத் தொடங்கி ஒன்று, ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள். பிற்பகல் மூன்றுக்கு மேல் இடிமழை வருவது இங்கே வழக்கம். முதல் இடி கேட்டதும் குட்டைக் கரையையும் தனி மரத்தடியையும் விட்டு காருக்குள் போய்விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு பெட்டி போதும். எண்ணிக்கைக்காக ஓடுபவர்கள் இடத்தைப் பார்ப்பதே இல்லை. தனியாகப் போகாதீர்கள், போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்தென்றால் 999. அப்போது அச்சுத்தூரத்தைப் படித்துச் சொல்லத் தெரிந்திருப்பது உயிர் காக்கும்.

சொந்தமாக ஒரு பெட்டி வைப்பது

இருபது பெட்டியாவது கண்டுபிடித்த பிறகு இதற்கு வாருங்கள். எது நிலைக்கும், எது ஊறிப்போகும் என்பது அதற்குள் கைக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் இடம். இன்னொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வேண்டும். தோட்டம் என்றால் மானேஜரிடம், கிராணி (தோட்டக் கணக்கர்) வழியாகக் கேட்டால் சுலபம். பொதுப் பூங்கா என்றால் மாவட்ட மன்றத்திடம். செம்பனை நிரைக்குள் வைப்பது நல்ல யோசனை இல்லை. மட்டை விழும், மருந்து விழும், மரத்துக்கு இருபத்தைந்து வயதானால் மறுநடவுக்கு மொத்தப் பகுதியையும் சாய்த்துவிடுவார்கள். தோட்டச் சாலை முனை, பழைய பாலத்தின் ஓரம், ஏரிப் பூங்காவின் வேலிக்கு வெளிப்பக்கம் போன்றவை நிலைக்கும். ரயில் தண்டவாளம், பள்ளிக்கூடம், போலீஸ் நிலையம், சிறை இவற்றின் பக்கம் வேண்டவே வேண்டாம்.

பெட்டிக்கு, நான்கு பக்கமும் சொடுக்கும் உணவு டப்பா, 350 முதல் 500 மில்லி, ரப்பர் வளையத்தோடு. ஐஸ்கிரீம் டப்பாவும் பிஸ்கட் தகரமும் இங்கே இரண்டு மாதம் தாங்காது. ஈப்போ வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வெயிலில் வைத்தால் வளையமும் விறைத்துப்போகும். எனவே நிழலும் வேண்டும், தண்ணீர் தேங்காத மேடும் வேண்டும். வெளியே மண்நிறச் சாயம் அடியுங்கள். இது விளையாட்டுப் பெட்டி, ஆபத்தானதல்ல என்று மலாயிலும் தமிழிலும் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். எழுத்தில்லாத டப்பாவைக் கண்டால் யாரும் போலீஸைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே சின்ன நோட்டு ஜிப் பைக்குள், ஒரு பென்சில், இரண்டு சிலிக்கா பொட்டலம்.

அச்சுத்தூரத்தை ஒரே தடவையில் எடுக்காதீர்கள். பெட்டியின் மேல் கைப்பேசியை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து ஒரு அளவு, வேறு இரண்டு நாள்களில் இன்னும் இரண்டு. நிமிடம் 28.458, 28.463, 28.460 என்று வந்தால் சராசரி 28.460. ஒன்று மட்டும் 28.475 என்று விலகி வந்தால் அதை விட்டுவிட்டு மீண்டும் எடுங்கள். அந்தப் பதினைந்து என்பது 28 மீட்டர், மூன்று செம்பனை தூரம். விவரத்தை எழுதி அனுப்பினால் தன்னார்வச் சரிபார்ப்பாளர் பார்த்துவிட்டு வெளியிடுவார். ஏதாவது கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், பெரும்பாலும் அனுமதி பற்றியும் 161 மீட்டர் பற்றியும்தான் கேட்பார். விவரத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறவர்கள் தமிழிலும் ஒரு பத்தி எழுதுங்கள். அந்த இடத்தின் தோட்டப் பெயர், தொழிலாளர் குடியிருந்த லயம் இருந்த இடம், கோயிலின் பெயர், பழைய கட்டைக் கணக்கு எல்லாம் அதில் வரட்டும். அந்தப் பெயர்கள் வேறு எந்த வரைபடத்திலும் இல்லை.

வைத்தபிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அக்டோபர், நவம்பர் பெருமழைக்குப் பிறகு கட்டாயம். தாள் ஈரமானால் மாற்றுங்கள், வளையம் விறைத்திருந்தால் டப்பாவையே மாற்றுங்கள். ஊரை விட்டுப் போவதாக இருந்தால், அல்லது தோட்டம் கைமாறி அனுமதி போய்விட்டால், பெட்டியை எடுத்துவிட்டு அதன் பக்கத்தை மூடிவிடுங்கள். சுற்றியிருந்த அந்த 161 மீட்டர் அப்போதுதான் அடுத்தவருக்குத் திறக்கும்.